ஏழு கட்டத் தாளம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எங்கள் ஊர் மஹய்யாவ முழுக்கத் தெரியும். அப்படிப்பட்டவளிடம் வந்து, "மிஸ், பாட்டு வாண்டாம், அடி மட்டும் போடுங்க" என்றால் எப்படி இருக்கும்? நான் நடத்துவது நடன உடற்பயிற்சி வகுப்பு. குண்டசாலைச் சந்தியில் ஒரு சீமெந்துக் கடைக்கு மேல்மாடி, பலகைத் தரை, ஜன்னலுக்குக் கனமான திரை. ஆண்கள் படியேறக்கூடாது. அதனாலேயே முஸ்லிம் பெண்கள் நிறையப் பேர் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் மூத்தவரான, எல்லோருக்கும் அக்கா முறையான சகீனா ராத்தாவை என்னிடம் அனுப்பிவைத்தார்கள்.

"பாட்டுச் சத்தம் எங்களுக்கு சரி வராது மிஸ். ரபான் மேளம் மாதிரி அடி மட்டும் ஈந்தா பரவால்ல."

"வெறும் அடிய வச்சிக்கிட்டு ஒரு மணித்தியாலம் ஆட முடியுமா ராத்தா? சலிச்சிப் போயிரும்."

"சலிக்காத மாதிரி செய்யுங்களேன். மிஸ் எண்டா சும்மாவா?"

அந்த வாய்க்காகவே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. போன வருடம் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோன மனிசி அவர். கை சரியாகிவிட்டது, நாக்குக்கு ஒரு குறையும் இல்லை, இடது கால் மட்டும் இழுபட்டுக்கொண்டு பின்னால் வரும். அசைக்காமல் வைத்திருந்தால் அந்தக் கால் இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னதால் மகள் நுஸ்ஹா ஆட்டோவில் கூட்டி வந்து தானும் ஆடுவாள். ராத்தா கடைசி வரிசையில், கதவோரமாக நின்று ஆடுவார்.

சரி, அடி மட்டும் போடுவோம் என்று இறங்கினேன். கண்டியில் கல்யாண மண்டபங்களில் டீஜே போடும் ஷப்ராஸ் என்னோடு பள்ளியில் படித்தவன். அவனிடம் போய், டான்ஸ் மியூசிக் செய்யும் மென்பொருளை என் லெப்டொப்பில் ஏற்றிக்கொண்டேன். திறந்தால் திரை நிறையக் கட்டங்கள். ஒரு வரிசைக்குப் பதினாறு. ஒரு வரிசை பெரிய மேளம், இன்னொன்று கைதட்டு, அடுத்தது கிலுகிலுப்பை. எந்தக் கட்டத்தை அழுத்துகிறோமோ அந்த இடத்தில் அடி விழும். இவ்வளவுதானா என்று நினைத்தேன். காணொளிகளைப் பார்த்து முதல் தாளத்தைச் செய்து வகுப்பில் போட்டேன்.

"என்ன மிஸ், நெல்லுக் குத்துற மில்லுக்கு வந்த மாதிரி ஈக்கி" என்றார் சகீனா ராத்தா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மனிசி சொன்னது உண்மைதான்.

அதன் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுந்தால் அது இயந்திரம். இரண்டு பலத்த அடிகளுக்கு நடுவே காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு சின்ன அடி வைத்தால்தான் உடம்பு அசையும். கிலுகிலுப்பையைக் கட்டத்தின் நடுவில் வைக்காமல் ஒரு மயிரிழை பின்தள்ளினால் இடுப்பு தானாக ஆடும். மூன்றில் சுழலும் ஒரு தாளத்தை நான்கில் சுழலும் தாளத்தின் மேல் ஏற்றினால், இரண்டும் பிரிந்து பிரிந்து போய் எங்கோ ஓரிடத்தில் சந்திக்கும். அந்தச் சந்திப்பு முதன்முதலில் கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறினால் குண்டசாலை வரும்வரை முன் சீட்டில் விரலால் தட்டிக்கொண்டே போவேன். முன்னால் இருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள். முறைக்கட்டும்.

ஷப்ராஸ் கேட்டுவிட்டு, "இப்ப சரி. ஆனா ஒரு எடத்துல எல்லாத்தையும் டக்கெண்டு நிப்பாட்டு. சத்தமே ஈக்கக்கூடாது. பொறவு பெரிய மேளத்த போடு. சனம் பைத்தியமாகும்" என்றான்.

செய்தேன். அடேயப்பா! மேளம் நின்ற கணத்தில் வகுப்பே சிலையாக நின்றது. திரும்ப விழுந்ததும் பலகைத் தரை அதிர்ந்தது. கீழே கடைக்காரர் ஆள் அனுப்பி என்ன உடைந்தது என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அந்தத் தாளத்தை மறுபடி மறுபடி போட்டேன்.

அடுத்த வகுப்புக்கு நுஸ்ஹா தனியாக வந்தாள். அதற்கடுத்ததற்கும் தனியாகத்தான்.

"உம்மா எங்கடி?"

"வர மாட்டாவாம் மிஸ். ஏனெண்டு கேட்டா செல்றல்ல. கதிரைய விட்டு எழும்புறதே இல்ல இப்ப. நடக்கச் சொன்னா ஏசுறா."

"நீ கூப்பிட்ட லெட்சணம் அப்பிடி" என்று அவளைத் திட்டிவிட்டு, வகுப்பு முடிந்த கையோடு அவர்கள் வீட்டுக்கே போனேன்.

சகீனா ராத்தா என்னைக் கண்டதும் கதிரையிலிருந்து எழும்பினார். நுஸ்ஹா ஓடிவந்தும் விடவில்லை. தானே குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

"ராத்தா, ஏன் வரல? கால் வலிக்குதா?"

"கால் எப்பவும் போலதான் ஈக்கி."

"அப்ப என்ன?"

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒங்கட மேளம் நிக்குமே மிஸ், அந்த எடம். எல்லாரும் நிண்ட பொறவு என்ட கால் வந்து விழுது. தொப்பெண்டு. எனக்கே கேக்குது. எனக்கு முன்னால ஆடுற சந்திரிகாக்கும் கேட்டிச்சி, சிரிச்சா. அவ கெட்ட பொம்புள இல்ல, சிரிப்பு வந்திட்டு, என்ன செய்ற. முந்தி அடிச் சத்தத்துல என்ட கால் மறைஞ்சி ஈந்திச்சி. அதுக்குத்தான் நான் ஆசைப்பட்டு வந்தது. வீட்டுல நடந்தா கால் இழுக்கிற சத்தம். அங்க வந்தாத்தான் அது கேக்காது."

எனக்கு முகம் சுட்டது. நான் அன்றைக்கு ஸ்பீக்கரைப் பார்த்து இளித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கடைசி வரிசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த நிப்பாட்டுறத எடுத்துர்றேன் ராத்தா. இன்னைக்கே எடுத்துர்றேன்."

"வாண்டாம். அவ்வளவு பேரும் ஆசைப்படுறத எனக்காக எடுக்க வாண்டாம். பாவம் பாத்து செய்ற ஒண்டும் எனக்குத் தேவல்ல."

அதற்கு மேல் பேச விடவில்லை. வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குத் திரும்பினார். அப்போதுதான் அந்த நடை காதில் விழுந்தது. வலது கால் விழுகிறது. இடது கால் நின்று நிதானமாக வருகிறது. அது தரையைத் தொட்ட உடனே வலது கால் அவசரமாக விழுகிறது. மறுபடி நிதானம், மறுபடி அவசரம். இடது கால் கிணற்று வாளி மேலே வருவதுபோல் மெதுவாக, ஆனால் ஒரு தடவைகூடத் தப்பாமல் வந்தது. பிந்தி வரும் கால் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்தக் கால் தன் நேரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

பஸ்ஸில் விரலால் தட்டிப் பார்த்தேன். நிதானத்துக்கு நான்கு, அவசரத்துக்கு மூன்று. மொத்தம் ஏழு.

மறுநாள் காலை வீட்டு வேலையைப் போட்டுவிட்டு லெப்டொப் முன்னால் உட்கார்ந்தேன். பதினாறு கட்டத்தை ஏழாகச் சுருக்கி, முதலாவதில் ஓர் அடி, ஐந்தாவதில் பெரிய மேளம் வைத்தேன். நடுவில் சின்ன அடிகள். எழும்பி ஆடிப் பார்த்தேன். போச்சு! என் கால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கட்டம் மிச்சம் இருப்பதாக நினைத்துத் தடுக்கியது. ஷப்ராஸுக்கு அனுப்பினேன். உடனே போன் கோல் எடுத்தான்.

"துஷி, உனக்கென்ன விசரா? ஏழுல ஒருத்தரும் ஆட மாட்டாங்க."

"ஒரு ஆள் தெனமும் நடக்குறாங்கடா" என்று சொல்லிக் கோலை வெட்டினேன்.

நாள்கணக்காக அதோடு மல்லுக்கட்டினேன். கைதட்டை மாற்றினேன், கிலுகிலுப்பையைப் பின்தள்ளினேன், கேட்கிறவர்களுக்கு நொண்டல் தெரியாமல் ஆட்டம் மட்டும் தெரியும்வரை விடவில்லை. கடைசியில் அந்த மௌனத்தையும் வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். பிறகு நுஸ்ஹாவுக்கு வட்ஸ்அப்பில் போட்டு, உம்மா குசினியில் நிற்கும்போது இதைப் போடு, என்ன ஏது என்று ஒரு வார்த்தை சொல்லாதே என்றேன். அவளிடமிருந்து பதிலே இல்லை. மனிசியை இன்னும் நோகடித்துவிட்டேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வகுப்பு நாள் வந்தது. படியில் சத்தம் கேட்டது. எனக்கு இப்போது எந்தக் கூட்டத்திலும் அந்தச் சத்தம் தெரியும். சகீனா ராத்தா மூச்சு வாங்க மேலே வந்து, வழக்கமான இடத்தில், கதவோரமாக நின்றார்.

"அத போடுங்க மிஸ்."

"எதை ராத்தா?"

"நடிக்க வாண்டாம். இவங்களும் ஆடிப் பாக்கட்டும்."

போட்டேன். முதல் சுற்றிலேயே வகுப்பு கலைந்தது. வலப்பக்கம் போனவள் இடப்பக்கம் வந்தவளோடு மோதினாள். நுஸ்ஹா தன் காலைத் தானே மிதித்துக்கொண்டாள். சொல்லிக்கொடுக்கிற நானே முன்னால் நின்று உளறிக்கொண்டிருந்தேன். கதவோரத்தில் மட்டும் ஒரு வலது காலும் ஒரு இடது காலும் ஒன்றன்பின் ஒன்றாக, மேளத்தின் மேலேயே விழுந்துகொண்டிருந்தன.

மேளம் நின்றது. அந்த மௌனத்தில் எல்லோருடைய கால்களும் முந்திக்கொண்டு தரையில் விழுந்தன. தொப், தொப், தொப். இம்முறை கேட்டது எங்கள் கால்கள். பிறகு சகீனா ராத்தாவின் இடது கால் நிதானமாக வந்து இறங்கியது. அது இறங்கின அதே இடத்தில் பெரிய மேளம் விழுந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

சந்திரிகாதான் முதலில் வாய் திறந்தாள். "ராத்தா, இத எப்பிடி எண்ணுறது? எனக்குப் புடிபடவே இல்லையே."

சகீனா ராத்தா கதவோரத்தை விட்டு, வரிசைகளைத் தாண்டி, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். பாவாடையைக் கணுக்கால் தெரியக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.

"எண்ண வாண்டாம்" என்றார். "என்ட காலப் பாருங்க."

நான் பின்னால் போய்க் கதவோரமாக நின்றுகொண்டேன்.