கழற்றிய பூட்டு

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் முகவரி தேடும் சர்வர் நான்கு விநாடி எடுத்துக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு பிராசஸர் உள்ள புது மெஷினை வைத்த பிறகும் அதே நான்கு விநாடிதான். காரணம், புரோகிராமுக்குள் இருந்த ஒரு பூட்டு. ஒரு பிராசஸர் விடை எழுதி முடிக்கும்வரை மற்ற முப்பத்தொன்றும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். முப்பத்திரண்டு ஆளை வேலைக்கு வைத்துவிட்டு ஒரே தராசைக் கொடுத்த கடை.

அன்று காலை எட்டு மணிக்கு அந்தப் பூட்டைக் கழற்றினேன். அரை விநாடியில் விடை வந்தது. அறைப் பொறுப்பாளரான என் அக்காகூட, "பரவால்லடா, உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்க" என்றாள். அவள் வாயிலிருந்து அது வர முப்பது வருஷம் ஆயிற்று.

பதினொரு மணிக்கு, ஏழாம் இருக்கையில் போன் எடுக்கும் அம்மா என்னைக் கூப்பிட்டார். அவர் குரலுக்கு நாங்கள் வைத்த பெயர் லவுட்ஸ்பீக்கர். அன்று மெதுவாகப் பேசினார்.

"தம்பி, நான் தேடினது மார்க்கெட் ரோடு. வந்திருக்கிறது எங்க வீடு இருக்கிற கட்டம்."

திரையில் தெருப் பெயர் வராது. வரைபடத்தின் கட்ட எண் மட்டும் வரும். யாரும் அதைப் படிப்பதில்லை, அப்படியே வண்டிக்குத் தட்டிவிடுவார்கள். சொந்த வீட்டு எண் என்பதால் இவர் கண்ணில் பட்டது. மறுபடி தேடினார். சரியாக வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் அதே நொடியில் தேடியதை சர்வர் பதிவில் பார்த்தேன். அவருடைய விடைதான் இவருக்கு வந்திருந்தது.

பூட்டைக் கழற்றியபின் ஒவ்வொரு தேடலாகத்தான் சோதித்திருந்தேன். இரண்டு பேர் சேர்ந்து தேடினால் பொட்டலம் மாறுமா என்று பார்க்கவேயில்லை.

அக்காவிடம் ஓடினேன். "பத்து நிமிஷம் குடுக்கா. வேகமும் குறையாம சரி பண்ணிடறேன்."

"பத்து நிமிஷத்துல எத்தன போன் வரும்?"

"ஏழெட்டு."

"அதுல யார விட்டுடலாம்னு நீயே சொல்லு."

பூட்டை மாட்டினேன். ஓடிக்கொண்டிருந்த ஐந்து வண்டிகளையும் அக்கா ஒவ்வொன்றாக விசாரித்தாள். ஐந்தும் சரியான இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. மூச்சு விட்டேன். அவள் விடவில்லை. காலைப் பதிவேட்டைத் திறந்தாள்.

"பொய் அழைப்பு, ரெண்டு."

போன இடத்தில் நோயாளி இல்லையென்றால் டிரைவர் அப்படித்தான் எழுதுவார். ஒருவர் திரும்பக் கூப்பிட்டுத் திட்டி, வேறு வண்டி வாங்கியிருந்தார். எட்டு நாற்பதுக்கு வந்த மற்ற அழைப்பு, நெஞ்சுவலி. அங்கிருந்து மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

"நான் பேசறேன்" என்றார் லவுட்ஸ்பீக்கர்.

"வேண்டாம்." அக்கா ஹெட்செட்டை என் தலையில் மாட்டினாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது. எட்டாவது மணியில் ஒரு ஆண் குரல்.

"சார், காலைல ஆம்புலன்ஸ் கேட்டிருந்தீங்க..."

"இப்பத்தான் விடிஞ்சுதா உங்களுக்கு? பக்கத்து வீட்டுக்காரரோட கார்ல தூக்கிப் போட்டுக் கொண்டுபோனோம். உள்ள வச்சிருக்காங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க யாரு?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நல்ல பதில்கள் நாலைந்து வரிசையில் வந்து நின்றன.

"வண்டி தப்பான இடத்துக்குப் போனது என்னாலதான் சார்" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ நடக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.