இருபத்தேழாவது கேள்வி

"பேரை வாசிப்பீங்கதானே?"

காலையில் ரயில் ஏறியதிலிருந்து ரோலண்ட் வாய் திறந்து பேசியது அதுதான் முதல். லண்டன் பாராளுமன்றத்தின் கல்தளக் கூடத்தில், சுவரோரப் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தவன், எதிரே நின்ற ஓல்ட்ராய்டை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான். ஓல்ட்ராய்ட் அவர்கள் ஊர் உறுப்பினர். அரசியலுக்கு வருமுன் அதே ஊர் ஸ்டேஷனில் குமாஸ்தாவாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபக்கூடத்தில் பிரசங்கம் செய்து பழகிய குரல். அதைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"இங்க அப்படி வழக்கமில்ல தம்பி. கேள்வி அச்சாகி எல்லார் கையிலயும் இருக்கும். நான் எந்திரிச்சு நம்பரை மட்டும் சொல்வேன். இருபத்தேழுன்னு. மந்திரி பதில் சொல்வாரு. அதுக்கு மேல ஒண்ணு நான் கேட்டுக்கலாம்."

"அப்ப அந்தப் பேரை யாருமே சொல்லமாட்டாங்க."

"தாள்ல இருக்குப்பா. நாளைக்குப் பதிவேட்டுலயும் வந்துரும்."

ரோலண்ட் தாளை வாங்கிப் பார்த்தான். முகாமில் காவலில் இருந்த பள்ளி ஆசிரியர் ஏசாயா முரீத்தி எப்படி இறந்தார் என்று காலனிகளுக்கான அமைச்சர் தெரிவிப்பாரா என்று அதில் இருந்தது. விரலை அந்தப் பெயர்மேல் வைத்தவன் எடுக்கவில்லை. அம்மா ஈடித் தன் கைப்பையைத் திறந்து மூடினாள். அந்தப் பெயரை மகன் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டபோது அவளுக்குத் திக்கென்றிருந்தது. ஏசாயா. அவள் ஜெபக்கூடத்தில் மண்டியிடுகிறபோது விரியும் பைபிளில் இருக்கிற பெயர். கொடூரர்கள், காட்டுமிராண்டிகள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த ஆட்களுக்கு அப்படியொரு பெயர் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

ரோலண்ட் கட்டாய ராணுவச் சேவைக்குப் போன பையன். வெள்ளை ஆட்சிக்கு எதிராகக் கலகம் நடந்த ஆப்பிரிக்கக் காலனி ஒன்றில் ராணுவ லாரி ஓட்டினான். தடுப்பு முகாம்களுக்கு மாவும் பீன்ஸும் கொண்டுபோய் இறக்குவது வேலை. போன இலையுதிர்காலத்தில் திரும்பி வந்தபோது கறுத்து, தோள் அகன்று, பார்க்க நன்றாகத்தான் இருந்தான். பால் பண்ணையில் வண்டி ஓட்ட ஆள் வேண்டுமென்று தேடி வந்து கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டான். நடந்தே திரிந்தான். புருஷன் செத்து ஆறேழு வருடமாகத் தனியாகக் குடும்பத்தை இழுத்தவள் ஈடித். பிள்ளை சோம்பேறியாகிவிட்டானோ என்றுதான் முதலில் பயந்தாள்.

அவள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். பிப்ரவரியில் ஒருநாள், வாசலில் இறக்கிவிட்டுப் போன உருளைக்கிழங்கு மூட்டையை உள்ளே கொண்டுவர ஆளில்லை. மகனை வரச்சொன்னாள். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் பாதி தூரம் வந்தவன் நின்றான். தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோல மெதுவாக அதைக் கீழே இறக்கினான். பிறகு பனி உறைந்த தரையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். சமையலறைப் பெண்கள் ஜன்னல் வழியே பார்த்தார்கள். ஈடித் ஓடிப்போய் அவனை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

அன்று சாயங்காலம் சொன்னான். அந்த வாத்தியார் சொந்த ஊரில் ஜனங்கள் மண் குழைத்துக் கட்டிய பள்ளிக்கூடத்தை நடத்தியவர். அந்த மாதிரிப் பள்ளிகளையெல்லாம் அரசாங்கம் மூடி, நடத்தியவர்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. முகாமில் மூட்டை இறக்க அவரை விடுவார்கள். இங்கிலீஷ் பேசுவார். 'உங்க ஊர்ல பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்' என்று ஒருமுறை கேட்டிருக்கிறார். தெருமுனைதான் என்று இவன் சொல்ல, அவர் நம்பாமல் சிரித்திருக்கிறார். குழி வெட்டமாட்டேன் என்று சொன்னதற்காக ஒருநாள் அவரை அடித்தார்கள். யார் யார் அடித்தார்கள் என்பதையும் சொன்னான். பிறகு காலிச் சாக்குகளில் சுற்றி இவனுடைய லாரியில் ஏற்றினார்கள். செத்துப்போனார், ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போடு என்றார்கள்.

"வழியில பின்னாடி சத்தம் கேட்டுச்சும்மா."

"என்ன சத்தம்?"

"பலகையைத் தட்டுற மாதிரி. பக்கத்துல இருந்த கார்ப்பரல், நிறுத்தாத, ஓட்டுன்னான். நான் நிறுத்தல."

ஈடித் அடுத்த சனிக்கிழமை நகர மண்டபத்தில் ஓல்ட்ராய்ட் மனுக்கள் வாங்கும் அறைக்குப் போனாள். பையன் பேர் வெளியே வரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பலகையைத் தட்டிய சத்தத்தை மட்டும் சொல்லவில்லை.

இப்போது பார்வையாளர் மாடத்தில், செங்குத்தான வரிசை ஒன்றில், மகனை உள்ளே தள்ளி உட்காரவைத்து அவள் ஓரத்தில் உட்கார்ந்தாள். மார்பில் வில்லை தொங்கிய காவலாளி ஒருவர் குனிந்து, "சத்தம் கூடாதும்மா, கைதட்டக்கூடாது, எந்திரிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கீழே பச்சைத் தோல் பெஞ்சுகளில் ஆட்கள் சாய்ந்தும் சரிந்தும் கிடந்தார்கள். ஒருவர் முன்னாலிருந்த மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டிருந்தார். நம் சமையலறையில்கூட இப்படி யாரும் உட்காரமாட்டார்களே என்று ஈடித்துக்குத் தோன்றியது.

முதலில் வெளியுறவு. ஏதோ ஒரு மாநாடு, ஏதோ ஒரு கால்வாய். அமைச்சர் எழுந்து எழுந்து, சொல்ல இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார். அடுத்து கல்வி. பள்ளிச் சாப்பாட்டில் இறைச்சி குறைந்துவிட்டதா என்று ஒரு பெண் உறுப்பினர் கேட்டார். அமைச்சர், தானே போய்ச் சாப்பிட்டுப் பார்த்ததாகவும் தரத்தில் குறையில்லை என்றும் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "மந்திரி வர்ற அன்னைக்கு மட்டும் குழம்புல கறி நீந்துமே!" மொத்தச் சபையும் சிரித்தது. உண்மைதான், அவள் பள்ளிக்கு ஆய்வாளர் வருகிற அன்று அப்படித்தான். ஈடித்தும் சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு திரும்பிப் பார்த்தால், ரோலண்ட் சிரிக்கவில்லை. கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

கடிகார முள் நகர நகர, கேள்வி வராமலே நேரம் முடிந்துவிடுமோ என்று அவளுக்குத் தவிப்பாக இருந்தது. முடிந்துவிட்டால் நல்லது என்று உள்ளுக்குள் இன்னொருத்தி நினைத்துக்கொண்டாள்.

"இருபத்தேழு, ஐயா" என்றார் ஓல்ட்ராய்ட்.

காலனி அமைச்சர் உயரமானவர். நரைத்த தலையை அழகாக வாரியிருந்தார். கோப்பைத் திறந்து, ஜெபம் வாசிப்பதுபோல வாசித்தார். "குறிப்பிட்ட நபர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் நிமோனியாவால் இறந்தார் என்று ஆளுநர் எனக்குத் தெரிவித்திருக்கிறார். மேற்கொண்டு விசாரணைக்கு அவசியம் இருப்பதாக நான் கருதவில்லை."

ஓல்ட்ராய்ட் மறுபடி எழுந்தார். பிரசங்கக் குரல் இப்போது முழுசாக வந்தது. "அங்க இருந்த நம்ம சிப்பாய் ஒருத்தன், அந்த மனுஷனை அடிச்சதைக் கண்ணால பாத்தேன்னு சொல்றான். அது மந்திரிக்குத் தெரியுமா?"

எதிர்வரிசையில் முணுமுணுப்பு. அமைச்சர் கோப்பை மூடிவிட்டார். அவர் குரலும் மாறியது.

"அப்படியொரு சிப்பாய் இருந்தா அவன் ஏன் ஒளிஞ்சுக்கிட்டிருக்கான்? பேரைச் சொல்லுங்க. இன்னைக்கு சாயங்காலமே அவனைக் கூப்பிட்டு, நானே விசாரிக்கிறேன். பேரில்லாத வதந்தியை வச்சு, கஷ்டமான இடத்துல கடமை செய்யிறவங்க மேல சேறு வாரி அடிக்காதீங்க."

"சரியாச் சொன்னீங்க! சரியாச் சொன்னீங்க!" என்று பெஞ்சுகள் முழங்கின.

ஓல்ட்ராய்ட் நின்றபடியே இருந்தார். அவர் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. மாடத்தைப் பார்த்தாரா, அதற்கும் மேலே விளக்குகளைப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. அதே நேரத்தில் ஈடித் தன் பக்கத்து இருக்கை லேசாவதை உணர்ந்தாள். ரோலண்ட் பாதி எழுந்துவிட்டான். முன்வரிசைக் கம்பியை ஒரு கை பற்றியிருந்தது. வாய் திறந்திருந்தது.

கூப்பிட்டு விசாரிப்பார்கள். யார் அடித்தது என்று கேட்பார்கள். அப்புறம், வண்டி ஓட்டியது யார் என்று கேட்பார்கள். சத்தம் கேட்டதா என்று கேட்பார்கள். இவனுக்குப் பொய் சொல்ல வராது.

அவன் கோட்டுக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "உக்காருடா."

"அம்மா, விடு."

"உக்காரு ரோலி. அம்மா சொல்றேன்ல."

மாவு மூட்டைகளைத் தூக்கி வளர்ந்த உடம்பு. உதறியிருந்தால் அவள் பிடி எம்மாத்திரம். அவன் உதறவில்லை. உட்கார்ந்தான். காவலாளி படியில் ஓரடி வைத்தவர் நின்றுகொண்டார். கீழே சபாநாயகர் அடுத்தவரை அழைத்தார். யாரோ தேக்கு ஏற்றுமதி பற்றி ஒரு நம்பரைச் சொன்னார்.

கூடத்தில் ஓல்ட்ராய்ட் அவர்களைத் தேடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. "அம்மா, நான் வாக்கு தவறல. ஆனா பேரில்லாம இதுக்கு மேல என்னால ஒரு அடி நகர முடியாது. உங்களை வற்புறுத்தல. யோசிச்சுப் பாருங்க." அவர் பேசியது அவளிடம், பார்த்தது பையனை.

"யோசிக்கிறதுக்கு ஒண்ணுமில்லைங்க" என்றாள் ஈடித். "உங்களுக்குத்தான் வீண் சிரமம்."

ரயில் வடக்கே ஓடியபோது பெட்டியில் அவர்கள் இருவர் மட்டும்தான். வயல்கள்மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்து நீட்டினாள். அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"எதுக்கும்மா பிடிச்சு இழுத்தே?"

"உன்னைத் தூக்கி உள்ள வச்சிருவாங்கடா. அடிச்சவனையெல்லாம் விட்டுட்டு ஓட்டினவனைப் பிடிப்பாங்க. எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

அவன் மடியிலிருந்த ரொட்டியை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தான். கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தணிந்த குரலில் சொன்னான்: "அவருக்கும் அம்மா இருந்தாங்க. ஒருநாள் கம்பிவேலிக்கு வெளியில வந்து நின்னாங்க. உன் உசரம்தான் இருப்பாங்க."

ஈடித் ரொட்டி சுற்றியிருந்த தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

பீட்டர்பரோவில் வண்டி நின்றது. "டீ வாங்கிட்டு வர்றேன்" என்று ரோலண்ட் இறங்கினான். நடைமேடையில் தள்ளுவண்டிக்காரப் பெண்ணிடம் அவன் நின்று வாங்குவதை அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கோப்பைகளில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினான். அவளுக்கு எத்தனை கரண்டி என்று அவனுக்குத் தெரியும். எதிர்ப்பக்க நடைமேடையில் லண்டன் போகும் வண்டி புகைவிட்டபடி வந்து நுழைந்தது. இந்த வண்டியின் கார்டு விசில் ஊதினார். கதவுகள் அடித்துச் சாத்தப்பட்டன.

ரோலண்ட் நகரவில்லை. இரண்டு கைகளிலும் கோப்பையோடு நின்று அவளைப் பார்த்தான். ஓடிவந்தால் ஏறிவிடலாம். அவள் கை ஜன்னல் கண்ணாடியின் தோல் வாருக்குப் போனது. இழுத்தால் கண்ணாடி இறங்கும். தலையை நீட்டி, டேய் ரோலி என்று ஒரு சத்தம் போட்டால் வந்துவிடுவான். எப்போதும் வந்துவிடுகிற பிள்ளைதான்.

வார் அவள் கையிலேயே இருந்தது. வண்டி அசைந்தது. அவனும், தள்ளுவண்டியும், பின்னால் நின்ற கரிய எஞ்சினும் கண்ணாடியில் மெதுவாகப் பின்னோக்கி நகர்ந்தன. கோப்பைகளிலிருந்து எழுந்த ஆவி அவன் முகத்தை ஒருகணம் மறைத்து, விலகி, மறுபடி மறைத்தது.