இருபத்திரண்டு பிள்ளைகளின் வாப்பா

மடவளையில் பளீலுக்கு மாடிக் கட்டிடம் ஒன்று உண்டு. கீழே கூரையைத் தொடும்படி ஸ்பொஞ்ச் மெத்தைகள் அடுக்கிய கடை. மேலே மனைவி றம்லத் நடத்தும் நேசரிப் பள்ளி, இருபத்திரண்டு சின்னப் பிள்ளைகள். ஏறி இறங்க ஒரே படிக்கட்டு, அதுவும் கடைக்குள்ளால். அனுமதி பெற்ற பிளானிலோ முழுவதும் 'குடியிருப்பு வீடு'. பளீலுக்கு அந்தக் காகிதத்தில் அபார நம்பிக்கை.

தீப்பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் நேசரியை மூட வேண்டும், பரிசோதிக்கப் பொறியியலாளர் ஒருவர் வருவார் என்று கடிதம் வந்தது. றம்லத் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பளீல் மூளையைப் பாவித்தார். வழமையாக அங்கேதான் சிக்கல் தொடங்கும்.

கடையில் மெத்தை குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு. ஆகவே பரிசோதனை நாள் காலை, பிள்ளைகள் மேலே போனதும், முப்பது மெத்தைகளைத் தூக்கிப் படிக்கட்டில் அடுக்கினார். ஓர் ஆள் பக்கவாட்டாக நுழைய இடம் விட்டதைத் தன் தாராள மனதின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பொறியியலாளர் பிரியாந்தினி யாழ்ப்பாணத்துக்காரி. படிக்கட்டில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறினார்.

"இதை என்னத்துக்குப் பாவிக்கிறியள்?"

"வீடு மிஸ். பிளான்ல ஈக்குது, பாருங்க."

பிரியாந்தினி இருபத்திரண்டு குட்டிக் கதிரைகளையும் அவற்றில் இருந்தவர்களையும் பார்த்தார். "இவ்வளவும் உங்கட பிள்ளையளோ?"

"மாஷா அல்லாஹ்," என்றார் பளீல்.

"இருபத்திரண்டு பெத்திருந்தா நான் இப்படி நிப்பேனா?" என்றாள் றம்லத். "மின்ஹா மட்டுந்தான் மிஸ் எங்கட."

பிரியாந்தினி சிரிக்கவில்லை. "நெருப்பு பிளானை வாசிக்காது, ஐயா. உள்ளுக்கை ஆர் இருக்கினம், தாங்களா ஓடித் தப்புவினமோ, கீழ என்ன எரியும், இதுகளைப் பாத்துத்தான் கட்டிடத்தை வகைப்படுத்துறது. நீங்கள் கீழ போய் நில்லுங்கோ. டீச்சர், மணியை அடியுங்கோ."

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மெத்தையைக் கண்டும் சும்மா கடந்துபோகிற பிள்ளை மடவளையில் இன்னும் பிறக்கவில்லை. முதல் ஆள் பாய்ந்தான், மற்றவர்களும் பாய்ந்தார்கள், அடுக்கு சரிந்து படி அடைபட்டது. மேலே ஒரே சிரிப்பு.

கீழே நின்ற பளீலுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒரு முகமும் தெரியவில்லை. மெத்தைகளை ஒவ்வொன்றாக இழுத்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணினார். இருபத்தொன்றுக்குப் பிறகு யாரும் வரவில்லை. இன்னும் இரண்டு மெத்தையை இழுத்தபோது ஒரு காலில் மட்டும் சப்பாத்துடன் மின்ஹா உருண்டு வந்தாள்.

"வாப்பா, இன்னொருக்கா!"

"எல்லாரும் இறங்கப் பதினொரு நிமிசம்," என்றார் பின்னால் இறங்கி வந்த பிரியாந்தினி. "ஸ்பொஞ்ச் பத்தினா அஞ்சு நிமிசம்கூடத் தராது. மெத்தை இருக்கட்டும், இல்லாட்டிப் பிள்ளையள் இருக்கட்டும். ரெண்டும் ஏலாது."

இருபது வருட வியாபாரம், பள்ளிவாசல் நிர்வாகத்தில் தன் செல்வாக்கு என்று பளீல் ஒரு பேச்சே தயாரித்து வைத்திருந்தார். மகளின் மற்றச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி சொன்னது வேறு: "கெலிஓயாவுல மச்சான்ட கடை சும்மா ஈக்குது மிஸ். மெத்தை அங்க போகட்டும்."

"அப்ப நேசரியைக் கீழ கொண்டுவாங்கோ. கீழ இருக்கிற ரெண்டு கதவும் நேரா றோட்டுக்குத்தானே."

மறுநாள் லொறி வந்தது. மெத்தைகள் ஏற ஏற, வரிசையாக நின்று அழுத பிள்ளைகளைப் பளீலால் தாங்க முடியவில்லை.

"ஒண்ட மட்டும் வெச்சுக்குவோமா? படியடியில, ஓரமா..."

றம்லத் திரும்பிப் பார்த்தாள். பளீல் கடைசி மெத்தையையும் தானே தூக்கி லொறியில் போட்டார்.