ஒரு பையோடு வந்தவள்

மாமா மகள் வெளிநாட்டிலிருந்து பத்து நாள் விடுமுறைக்கு வந்து இறங்கினாள், தோளில் ஒரே ஒரு பையோடு. அந்த ஒற்றைப் பையைத்தான் வீட்டுப் பெண்ணால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இருவருக்கும் பதினாறு வயது. வீட்டுப் பெண்ணுக்கு அவள் அப்பா வைத்த பட்டப்பெயர் அலமாரி. அவர் லிப்ட் மெக்கானிக். "இவ துணிமணியை மட்டும் லிப்டுல ஏத்துனா போதும், எடை கூடிப்போச்சுன்னு மணி அடிச்சிடும்" என்பார். பொய்யில்லை. பதினொரு ஜோடி ஷூ, கதவைத் திறந்தால் தலையில் விழும் சட்டைகள், போதாததற்கு வாரம் ஒரு பார்சல்.

வாசலிலேயே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "அவ்வளவுதானா பை? இந்தக் காலத்துல இப்படியும் ஒரு பொண்ணா!" வந்தவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா கட்டிப்பிடித்துக் கன்னத்தைத் தடவியதால் மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அலமாரிக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. வந்தவளிடம் மூன்று சட்டைதான். ஒன்றைத் துவைத்துப் போட்டுவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொள்வாள். அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். தான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தபடி கிடந்தவர்களிடமும் சொன்னாள். அலமாரியின் உயிர்த்தோழிகூட, "உன் மாமா பொண்ணு செம சிம்பிள்டி" என்று உருகினாள். இத்தனை நாள் பிறர் வைத்திருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள், இப்போது ஒருத்தி வைத்திராததைப் பார்த்து வெந்தாள். இருப்பதைப் பார்த்தால் போய் வாங்கிவிடலாம். இல்லாததை எந்தக் கடையில் வாங்குவது?

அதற்கும் அவள் கடையைத்தான் தேடினாள். எளிமையாக இருக்க ஒரு பழைய பை வேண்டுமே என்று புதுப்பை ஒன்றை ஆர்டர் செய்தாள். வந்ததும் அப்பாவின் கருவிப்பெட்டியிலிருந்து உப்புத்தாளை எடுத்து அதன் மூலைகளைத் தேய்த்தாள். அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் தேய்ம்மா, ஓட்டை விழுந்தா இன்னும் எளிமையா இருக்கும்" என்றார்.

ஏழாம் நாள் அலமாரி தன் துணிகளை யாருக்காவது கொடுத்துவிட மூட்டை கட்ட உட்கார்ந்தாள். ஒவ்வொரு சட்டையைப் போடும்போதும் அம்மா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். மூன்று மூட்டை நிறைந்தது. கடைசியில் கையில் நின்றது பச்சை ஜெர்கின். ஆறு மாதம் அழுது வாங்கியது. அதைத் தந்தால்தான் அம்மா வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று பட்டது. கண்ணை மூடிக்கொண்டு திணித்தாள்.

"பரவாயில்லையே!" என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்லுக்கு அலமாரி குளிர்ந்து போனாள். அம்மா மூட்டைகளின் வாயைக் கட்டிய வேகம் அவளுக்கு உறைக்கவில்லை. அரை மணி நேரத்தில் மூன்றும் இரண்டு தெரு தள்ளியிருந்த பழைய துணிக் கடைக்குப் போய்விட்டன.

ஒன்பதாம் நாள் மாமா மகள் அறைக்குள் வந்து காலியான துணி அலமாரியைத் திறந்தாள். அவள் முகம் செத்துவிட்டது.

"அந்தப் பச்சை ஜெர்கின் எங்க?"

"குடுத்துட்டேன். எதுக்கு அவ்வளவு துணி?" என்றாள் அலமாரி, முகத்தைத் தூக்கிக்கொண்டு.

"அடிப்பாவி! கிளம்பும்போது உங்கிட்ட கேட்கலாம்னு வந்த நாள்லேருந்து பார்த்துட்டு இருந்தேனே!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் ரெண்டு பெட்டி கட்டுனேன். ஏர்போர்ட்ல எடை கூடிப்போச்சுன்னு அப்பா ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. வழியெல்லாம் அழுதேன். இங்க வந்தா அத்தை என்னைத் தூக்கி வச்சுப் பேசுறாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது? உன் ஷூவெல்லாம் பார்த்து எனக்குத் தூக்கமே வரல."

அலமாரி பறந்தாள் சமையலறைக்கு. ஒன்பது நாள் புழுங்கியதெல்லாம் வாயில் வந்து நின்றது. "அம்மா, உன் அண்ணன் மகளோட லட்சணம் தெரியுமா? ரெண்டு பெட்டிம்மா!"

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும். அவ பிளேன் ஏறுனதுமே மாமா போன்ல சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுக்கிட்டா அவளை அப்படிப் புகழ்ந்தே?"

"மூணு வருஷமா நான் சொன்னேன், கேட்டியா? உன் பொறாமை சொல்லுச்சு, ஒரே வாரத்துல கேட்டுட்டே."

அம்மா தன்னை யாருக்கும் கீழே வைத்திருக்கவில்லை என்பதில் அலமாரிக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. ஏமாந்ததில் அழுகையும் வந்தது. பின்னால் வாசற்படியில் நின்ற மாமா மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

கடையில் ஜெர்கின் இல்லை. எதிரே பஸ் நிறுத்தத்தில் இருந்தது. இவர்கள் வயசுப் பெண் ஒருத்தி கையை மடித்துவிட்டுக்கொண்டு அதைப் போட்டு நின்றாள். அவளுக்கு அது ரொம்பவே எடுப்பாக இருந்தது. இருவர் வயிறும் சேர்ந்து எரிந்தது.

"அவளுக்கு அது செட்டே ஆகல," என்றாள் மாமா மகள்.

"சுத்தமா ஆகல," என்றாள் அலமாரி. ஒன்பது நாளில் இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அவள் மாமா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதோட ஜிப்பு சரியில்ல. பாதியிலயே மாட்டிக்கும்."

"நல்லா மாட்டட்டும்," என்றாள் மாமா மகள்.