ஸ்லீவா, பைபாஸா?

என் ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அதை வைத்து எங்களுக்குள் பிரியம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டோம், ஒரே சலவைக் கடையில் மாட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். கவுண்டரும் இஸ்திரியும் அவள் பக்கம். மெஷினும் கறை எடுக்கிற தொட்டியும் என் பக்கம். ஒரு காலத்தில் ரெண்டு பேருமே நல்ல கனம். வாடிக்கைக்காரர்கள் எங்களுக்கு 'ஜோடி பீரோ' என்று பேர் வைத்திருந்தார்கள். எங்களுக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு.

பிறகு அவள் போய் ஆபரேஷன் பண்ணிக்கொண்டாள். ஸ்லீவ் என்று பேர். இரைப்பையில் முக்கால்வாசியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டைக் கை மாதிரி ஒரு குழாயாக விடுவார்கள். வருஷம் திரும்புவதற்குள் பீரோ ஹேங்கர் ஆகிவிட்டது. வாய் மட்டும் மெலியவில்லை.

"இன்னும் எத்தனை நாளைக்குடி இந்த உடம்பைத் தூக்கிட்டு அலைவ? மெஷினுக்கும் செவுத்துக்கும் நடுவுல நீ போனா காத்துக்கூட நின்னு வழி கேக்குது" என்பாள், துணி வாங்க வந்தவர்கள் முன்னாலேயே.

"அந்தக் காத்து உங்களைத்தான் தூக்கிட்டுப் போயிடப்போவுது, ஜன்னலைச் சாத்துங்கக்கா" என்பேன் நான்.

வாய்க்கு வாய் பேசினேனே தவிர, எனக்குச் சர்க்கரை. ஊசி போட்டும் அடங்காத சர்க்கரை. கண்ணுக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது, எடையும் சர்க்கரையும் இறங்கியே ஆக வேண்டும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். கறையைப் பார்த்துப் பிழைக்கிறவளுக்குக் கண் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? நானும் ஆபரேஷனுக்குத் தலையாட்டினேன்.

அக்காவுக்குச் செய்த அதே டாக்டரம்மாதான். பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். வயிற்றுக்குள் பலூன் வைக்கலாம், ஆனால் கொஞ்ச மாதத்தில் எடுத்துவிடுவார்கள், போன எடை திரும்பி வந்தாலும் வரும். ஸ்லீவ் பண்ணலாம். இல்லையென்றால் பைபாஸ்: இரைப்பையின் மேல் பக்கம் சின்னதாக ஒரு பை ஒதுக்கி, சிறுகுடலை மேலே இழுத்து அதில் தைப்பது. சர்க்கரைக்கு அதுதான் கூடுதலாகக் கேட்குமாம். கடைசியில், "நெஞ்செரிச்சல் உண்டாம்மா?" என்று கேட்டார்.

வண்டியிலேயே அக்கா எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். "எரிச்சல் இருக்குன்னு மட்டும் வாயைத் திறந்துடாத. இருக்குன்னா குடலை அறுத்து ஒட்டற ஆபரேஷனுக்குத் தள்ளிடுவாங்க. ஸ்லீவே பண்ணிக்க. என்னைப் பாத்தேல்ல?"

குடலை அறுப்பது என்றதும் எனக்கும் உதறல்தான். "இல்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ ரெண்டுல எதுவும் பண்ணலாம். யோசிச்சு முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார்.

ஸ்லீவ் என்றே மனசுக்குள் முடிவு பண்ணி வைத்திருந்தேன். அப்போதுதான் எதிர்த் தெருச் சலவைக்காரர் எங்கள் கடைப் படி ஏறினார். எங்களுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. அக்கா வங்கிக்குப் போயிருந்தாள். அவர் கையில் ஒரு மூட்டை, முகத்தில் ஒரு இளிப்பு.

"பெரியம்மா இல்லையா? போன் போட்டேன், எடுக்கல. அவங்க துணி."

"எந்தப் பெரியம்மா?"

"உங்க கூட கவுண்டர்ல நிக்கறவங்கதான். வாரா வாரம் எங்ககிட்டதானே போடறாங்க. உங்க வெளுப்பு அவங்களுக்கே புடிக்கல போல."

"பல்லைக் காட்டாம வெச்சுட்டுப் போங்க."

"கறை முழுசாப் போகலன்னு சொல்லிடுங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

பிரித்தேன். எல்லாமே தலையணை உறை. ஒவ்வொன்றிலும் கன்னம் படுகிற இடத்தில் பழுப்பாக ஒரு திட்டு, அந்த இடத்தில் நூலே இற்றுப் போயிருந்தது. வயிற்றிலிருந்து மேலே வருகிற புளிப்பு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சலவைக் கடைக்காரி தன் தலையணை உறையை எதிரி கடையில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள், என் கண்ணில் படக் கூடாது என்று.

அவள் திரும்பி வந்ததும் மூட்டையைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. "யாரு இதைப் பிரிச்சது?"

"நான்தான்."

"அடுத்தவங்க மூட்டையைப் பிரிக்கற புத்தி உனக்கு எங்க போகும்?"

"சலவைக் கடையில மூட்டையைப் பிரிக்காம தாலாட்டா பாடுவாங்க? எத்தனை நாளா எதுக்களிக்குது?"

அக்கா ஒரு சட்டையை இழுத்துப் போட்டு, அது ஏதோ அவளைத் திட்டின மாதிரி தேய்க்க ஆரம்பித்தாள். காலர் முடிந்து, முதுகு முடிந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"ஆபரேஷன் ஆனதுலேர்ந்து. படுத்தா வாய் வரைக்கும் வருது. சாஞ்சு உக்காந்தேதான் தூங்கறேன். போதுமா? வயிறு குளுந்துதா?"

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் எரிச்சல் இருந்துச்சு. இல்லன்னு சொல்லிட்டேன்."

"அது தெரிஞ்சே என்னையும் இல்லன்னு சொல்லச் சொன்னீங்க."

இஸ்திரிப் பெட்டி நின்றது. "பின்ன? நீ பைபாஸ் பண்ணிப்ப. சர்க்கரையும் இறங்கும், உடம்பும் இறங்கும், மல்லாக்கப் படுத்து நிம்மதியாத் தூங்கி எழுந்து வந்து என் முன்னாடி நிப்ப. அதை நான் தினம் பாக்கணுமா? குண்டா இருந்தப்ப ரெண்டு பேரும் ஒண்ணாதானே இருந்தோம்?"

"என் தொண்டை வெந்தாலும் சரி, உங்களுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும். அப்படித்தானே?"

"அப்படித்தான்னே வெச்சுக்க."

சட்டை கருகுகிற வாசனை வந்தது. நான் எடுத்துச் சொல்லவில்லை. அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று தொட்டிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும். அவள் வர மாட்டாள் என்று நினைத்தால், எனக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன உளறிவிடுவேனோ என்ற பயம். வழி முழுக்க ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம்.

"முடிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பண்ணிட்டேன், பைபாஸ்தான். இன்னொண்ணும் சொல்லணும். போன தடவை எரிச்சல் இல்லன்னு சொன்னது பொய் டாக்டர். தொட்டியில குனிஞ்சா தொண்டை வரைக்கும் நெருப்பா வருது."

"ஏன் மறைச்சீங்க?"

"இவங்கதான் மறைக்கச் சொன்னாங்க. இவங்களும் உங்ககிட்ட அப்படி மறைச்சுத்தான் ஸ்லீவ் பண்ணிக்கிட்டாங்க. இப்ப இவங்க தலைகாணி உறையைக் கொண்டாந்து காட்டட்டுமா?"

அக்கா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள். "காட்டிக் குடுத்துட்டேல்ல? டாக்டர், இவ யோக்கியதையையும் கேட்டுக்கங்க. முட்டி வலிக்கு மாத்திரை முழுங்கறா, தினம், மிட்டாய் மாதிரி. அதை உங்ககிட்ட சொன்னாளா?"

"அதெல்லாம் ஒரு மாத்திரையா டாக்டர்? மருந்துக் கடையில சீட்டே கேக்காம குடுக்கறாங்க" என்றேன்.

டாக்டரம்மா மாத்திரையின் பேரைக் கேட்டார். சொன்னேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கணும். பைபாஸ்ல பையையும் குடலையும் சேத்துத் தைக்கற இடம் ஒண்ணு இருக்கு. இந்த மாத்திரை அங்க புண்ணாக்கும். புண் ஓட்டையாச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

"அப்போ ஸ்லீவே பண்ணிடுங்களேன்."

"இவ்வளவு எரிச்சலோட ஸ்லீவ் பண்ணா என்ன ஆகலாம்ங்கறதுக்குச் சாட்சி உங்க பக்கத்துலயே உக்காந்திருக்காங்க."

மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிற முட்டி என்னுடையது. அந்த மாத்திரை இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் ஸ்டூலைத் தேட வேண்டிவரும்.

"பைபாஸ்னா அந்த மாத்திரையை ஆயுசுக்கும் தொடக் கூடாது. வலிக்கு வேற மருந்து இருக்கு, முட்டியில ஊசி போடலாம், பயிற்சி இருக்கு. ஆனா இப்ப கேக்கற மாதிரி கேக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க அதை விட்ட பிறகுதான் நான் கத்தியை எடுப்பேன்" என்றார் டாக்டரம்மா.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இவளாவது விடறதாவது! கடையை வித்தாலும் விப்பா, அதை விட மாட்டா."

"விட்டாச்சு" என்றேன். "இன்னிக்குக் காலைல போட்டதுதான் கடைசி. பைபாஸே எழுதிக்கங்க டாக்டர்."

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "உங்களுக்கும் குழாய் விட்டு உள்ள பாக்கணும். தேவைப்பட்டா ஸ்லீவைப் பைபாஸா மாத்தலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு, ரெண்டு பேருக்குமே எண்டோஸ்கோபிக்குச் சீட்டு எழுதி நீட்டினார்.

வெளியே நாள் குறிக்கிற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "வியாழக்கிழமை ஒரே ஒரு இடம்தான் இருக்கு. விட்டா மாசக் கடைசி. யாருக்குப் போடட்டும்?"

"எனக்கு" என்றோம் ரெண்டு பேரும்.

"நான் பெரியவ" என்றாள் அக்கா.

"நான் ஆபரேஷனுக்கு நிக்கறவ."

"என் வாயைக் கிளறாத. நேத்து நீ..."

முடிக்கவில்லை. இருமல் வந்தது, இருமலோடு மற்றதும் வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். வரிசையில் நின்றவர்கள் ஓரடி நகர்ந்தார்கள். அவள் முதுகு குலுங்கி நிற்கும் வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்பெல்லாம் தெரிந்தது.

"அவங்களுக்கே போடும்மா" என்றேன்.

கண்ணில் தண்ணியோடு திரும்பினாள். "உன் பிச்சை எனக்கு வேணாம்."

"யாரு பிச்சை போட்டா? முதல்ல உங்க வாயில குழாயை விடட்டும். வலிக்குதா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டு நான் வரேன்."

"உன் வாயில விட்டா குழாய்தான்டி கத்தும்."

"உங்க சண்டையை அப்புறம் வெச்சுக்கங்கம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. பேரு சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

அக்கா பேரைச் சொன்னாள். வயதைக் கேட்டபோது ரெண்டு வருஷத்தைக் குறைத்துச் சொன்னாள்.

"இங்கயும் பொய்யா?" என்றேன்.

கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு நிஜ வயதைச் சொன்னாள், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.