வலி பின்பக்கம் இருந்தது

முழங்கால் மூட்டு மாற்றிய மறுநாள் காலை, தையல்காரியின் கட்டிலருகே மயக்க மருத்துவர் வந்து நின்றார். நடுத்தொடையில் செருகியிருந்த மெல்லிய குழாய் வழியாக, நரம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

“வலி எவ்வளவும்மா? ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம், உயிர் போற வலின்னா பத்து.”

“ரெண்டுன்னு போட்டுக்குங்க டாக்டர்,” என்றார் நாற்காலியிலிருந்த கணவர். “இவ கல்லு மாதிரி. மூணு புள்ளையையும் சத்தம் போடாமப் பெத்தவ.”

தையல்காரி சிரித்து வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பசியா, காய்ச்சலா என்பதையெல்லாம் அவரே சொல்லிவந்தார். கெட்ட மனிதர் இல்லை. இரவெல்லாம் அந்த நாற்காலியிலேயே காவல் இருந்தார், குறட்டையும் விட்டார்.

மருத்துவர் எதிர்க்கட்டிலைக் காட்டினார். “அந்தம்மாவுக்குத் தொடையிடுக்குல ஊசி. வலி நல்லா அடங்குச்சு, ஆனா எழுந்து நின்னதும் கால் மடங்கிடுச்சு. உங்களுக்கு நடுத்தொடையில போட்டோம், கால்ல பலம் இருக்கு. வலியும் ரெண்டுதான்னா குழாயை எடுத்துட்டு மாத்திரைக்கு மாத்திடலாம். ஆனா இன்னைக்கே முட்டியை மடக்கிப் பழகணும். விட்டா விறைச்சிடும்.”

தையல்காரி தொடையிலிருந்த குழாயைக் கையால் மூடிக்கொண்டாள். காலை அசைத்தாலே கண் இருட்டுகிறது. குழாயும் போய்விட்டால் எங்கே மடக்குவது? முட்டி விறைத்தால் மிஷினை எப்படி மிதிப்பது?

“எடுத்துடுங்க, எடுத்துடுங்க,” என்றார் கணவர்.

“எடுக்காதீங்க!” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “எட்டு. இல்ல, ஒன்பது. முன்பக்கம் ஒண்ணும் தெரியல. முட்டிக்குப் பின்னால, குழியில, பிச்சுப் பிடுங்குது.”

“ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

“நீங்க எங்க கேட்டீங்க? பதில்தான சொன்னீங்க!”

எதிர்க்கட்டில்காரி களுக்கென்று சிரித்தாள்.

“இந்த ஊசி பின்பக்கத்துக்கு எட்டாதும்மா. அங்கயும் ஒண்ணு போட்டுடலாம்,” என்றார் மருத்துவர். “நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

மதியம் வலி மூன்றுக்கு இறங்கியது. தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல முட்டியை மடக்கினாள். கணவர் குதிகாலைத் தாங்கிப் பிடித்திருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது.

“அம்மாவுக்கு எப்படிப்பா இருக்கு?”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், நிறுத்தினார்.

“அவகிட்டயே கேளும்மா. அவ வலியை அவதான் சொல்லணும். எல்லாத்தையும் பொறுத்துக்குவான்னு இத்தனை வருஷமா நாம பெருமை பேசினோம். அது பெருமை இல்ல, நாம காதைப் பொத்திக்கிட்டதுதான்.”