சேத்துமடத்து மூத்தவர்

தன்னாமுனைக்கு அப்பால், வாவி உள்வாங்கிப் படுத்திருக்கும் ஒரு மூலையில் அந்த மடம் இருந்தது. வாவிக் காவல் திருக்கூட்டம் என்று அதற்குப் பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சேத்துமடம் என்பார்கள், உள்ளே இருப்பவர்களைச் சேத்துச்சாமிகள் என்பார்கள். ஆணும் பெண்ணுமாக இருபது பேரளவில் இருந்தார்கள். உப்புநீரில் வளரும் கண்டல் மரத்தின் பட்டைச் சாயத்தில் தோய்த்த பழுப்பு உடுப்பு உடுத்தி, காலையிலும் மாலையிலும் முழங்கால் தண்ணீரில் நின்று வாவியை வணங்குவார்கள். மற்ற நேரமெல்லாம் கண்டல் மரங்களைக் காப்பதுதான் வேலை. வெட்ட வருகிறவர்களோடு பேசிப் பார்ப்பார்கள். பேச்சு எடுபடாவிட்டால் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

மரங்களும் இவர்களை அறிந்திருந்தன. சாமிகள் நடந்தால் வேர்கள் மெல்ல விலகி வழிவிடும். மற்றவர்களுக்கு விடாது. தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வெள்ளை வேட்டியோடு வந்த ஒருவர், மடத்து வாசலை அடையுமுன் ஐந்தாறு தடவை விழுந்து, கடைசியில் தானும் ஒரு சேத்துச்சாமி மாதிரித்தான் வந்து சேர்ந்தார்.

மடத்தின் தலைவரை 'மூத்தவர்' என்பார்கள். அப்போது மூத்தவராக இருந்த நல்லரத்தினம் ஐயாவுக்குக் கனடாவில் இருக்கும் மகள் விசா எடுத்து அனுப்பிவிட்டாள். உலகப்பற்றைத் துறந்தவர்தான், ஆனாலும் பேரப்பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்றார். கம்பளிச் சட்டை போட்டு வியர்த்து வழிந்தபடி எல்லோரையும் ஆசீர்வதித்துவிட்டு வாடகை வானில் ஏறி விமான நிலையத்துக்குப் போனார்.

அடுத்த மூத்தவர் அன்னப்பூரணிதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஐம்பத்தைந்து வயது. மடத்துச் சமையல், கண்டல் நாற்றுமேடை, அரசாங்கக் கந்தோர்களுக்கு அலைவது எல்லாம் அவள்தான். நல்லரத்தினம் ஐயா தியானத்தில் இருந்த வருடங்களில் மடத்தை நடத்தியதும் அவளே.

ஆனால் மடத்து நெறி ஒன்று இருந்தது. வாவி ஓரச் சேற்றில் ஒரு பலகையைப் போடவேண்டும். பொழுது சாயுமுன் எவ்வுயிர் தானாக வந்து அதில் அமர்கிறதோ அதுவே மூத்தவர். யாரும் அழைக்கக் கூடாது. யாரும் தடுக்கவும் கூடாது. மடத்தைத் தொடங்கியவர் 'எவர்' என்று சொல்லியிருக்கலாம். 'எவ்வுயிர்' என்றால் கேட்க அழகாக இருக்கும் என்று நினைத்திருப்பார்போல.

பலகை போட்டதும் எல்லோரும் அன்னப்பூரணியைப் பார்த்தார்கள். உடனே போய் அமர்ந்தால் ஆசைப்பட்டுக் காத்திருந்தவள் மாதிரித் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. சோற்றுப்பானையை இறக்கிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். பானையை இறக்கினாள், முகம் கழுவினாள், உடுப்பைத் திருத்தினாள், இன்னும் கொஞ்சம் தாமதித்தால் இன்னும் அடக்கமாக இருக்கும் என்று தாமதித்தாள். அவள் திரும்பி வந்தபோது பலகையில் ஓர் எருமை படுத்திருந்தது.

அது வாவிக்குள்ளிருந்து எழுந்து வந்து, பலகையை ஒருதரம் மோந்து பார்த்து, பெருமூச்சு விட்டுச் சாய்ந்ததாம். யாரும் தடுக்கவில்லை, தடுக்கக் கூடாதே. படுத்திருப்பது அமர்வதாகுமா என்று சிலர் கேட்டார்கள். மடத்தில் நெறியை வரிக்கு வரி அறிந்தவர் சுதாகரன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எருமைக்கு அதைவிட வேறு விதமாக அமரத் தெரியாது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரையெங்கும் கண்டல் மரங்கள் ஒருமுறை சிலிர்த்தன. முருங்கைக்காய் போல நீண்ட காய்கள் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தன. புதிய மூத்தவரை மரங்கள் ஏற்றுக்கொள்ளும் அடையாளம் அது. நல்லரத்தினம் ஐயா அமர்ந்தபோது நாலைந்து காய்தான் விழுந்தது. இன்று வாவியே பச்சையாகிவிட்டது.

சாமிகள் எல்லோரும் சேற்றில் விழுந்து வணங்கினார்கள். அன்னப்பூரணியும் வணங்கினாள். எழும்பத்தான் அவளுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

மறுநாள் காலையில் எருமையின் சொந்தக்காரர் வந்தார். ஏறாவூர் முகைதீன்பாவா, தயிர் வியாபாரி. மாட்டுப் பட்டியில் ஒன்று குறைகிறதென்று கரையோரமாகத் தேடி வந்தவர், தன் எருமைக்கு மாலை போட்டு ஒருவர் விசிறிக்கொண்டு நிற்பதைக் கண்டார். சுதாகரன் நெறியை முழுவதுமாக விளக்கினார். முகைதீன்பாவா பொறுமையாகக் கேட்டார். பிறகு அன்னப்பூரணியின் பக்கம் திரும்பினார். அங்கே பேசக்கூடிய ஆள் அவள்தான் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும்.

"மாடு இஞ்ச கிடக்கட்டும் தங்கச்சி, எனக்கு ஒண்டுமில்ல. பாலக் கறக்க மட்டும் உடுங்க. கறக்காட்டி ஒங்கட மூத்தவருக்குத்தான் மடி வலிக்கும்."

அப்படியே ஏற்பாடாயிற்று. தினமும் காலையில் முகைதீன்பாவா வந்து குந்தியிருந்து பால் கறப்பார். சாமிகள் கைகூப்பிச் சுற்றி நிற்பார்கள். முதல் சில நாள் அவருக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. வாரத்துக்கு ஒரு சட்டி தயிர் மடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மூத்தவரின் தயிரைச் சோற்றில் பிசைந்து தின்னலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. சுதாகரன் ஒரு பகல் முழுவதும் யோசித்து, தின்னலாம், ஆனால் சீனி போடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. மூத்தவர் எங்கே போனாலும் கூட்டம் பின்னால் போகவேண்டும். மூத்தவரின் செயலுக்கு யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. எருமை பக்கத்து வயல் வட்டைக்குள் இறங்கிக் கதிர்விட்ட நெல்லை மேய்ந்தபோது, பழுப்பு உடுப்போடு இருபது பேர் வரம்பில் வரிசையாக நின்று வணங்கினார்கள். வயல்காரர் முதலில் ஏசினார், பிறகு அழாக்குறையாகக் கெஞ்சினார். அன்னப்பூரணி போய் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நடுப்பகலில் எருமை சமைக்கும் குசினிக்குப் பின்னால் இருந்த நாற்றுமேடைக்குள் புகுந்தது. அங்கே அன்னப்பூரணி பைகளில் வளர்த்த கண்டல் கன்றுகள் நின்றன. வருகிற மாரிக்கு நடவேண்டியவை. எருமை அவசரப்படாமல் ஒரு கரையிலிருந்து தின்னத் தொடங்கியது. சாமிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு பெண் சாமி அழுதாள். கண்டலைக் காக்கவென்று வாழ்ந்தவர்கள், கண்டல் கடிபடும் சத்தத்தைக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அன்னப்பூரணி குசினிக்குள் போய் விளக்குமாற்றோடு வந்தாள். எருமையின் முதுகில் இரண்டு போட்டாள். எருமைக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. வாலை ஆட்டிவிட்டு மற்ற வரிசைக்குப் போனது. ஆனால் சாமிகள் உறைந்துபோனார்கள். மூத்தவர்மேல் கை ஓங்கியவர் மடத்தில் இருக்க முடியாது. அதைச் சொல்லவேண்டிய பொறுப்பு சுதாகரனுக்கு. சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மிச்சத்தைச் சொன்னார்.

"நீங்க சொல்லாட்டியும் நான் போகத்தான் போறன் சேர்," என்றாள் அன்னப்பூரணி. "பருப்பு அடுப்பில கிடக்கு. கருகாமப் பாத்துக்குங்க."

களுவாஞ்சிக்குடியில் அவளுடைய தங்கை கண்ணகை இருந்தாள். அங்கே போய் ஒரு கட்டிலும் மின்விசிறியுமாக இருந்தாள் அன்னப்பூரணி. பல வருடங்களுக்குப் பிறகு காய்ந்த கால்களோடு நித்திரை கொள்ளக் கிடைத்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், தங்கை வீட்டுச் செவ்வரத்தைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அதை அழுகச் செய்தாள். கண்ணகை வாளியை எடுத்து ஒளித்துவைத்தாள்.

ஒருநாள் முற்பகலில் முகைதீன்பாவா மோட்டார் சைக்கிளில் வந்து வாசல் படலையடியில் நின்றார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்.

"ஒங்கட மூத்தவர் லஞ்சம் வாங்கிட்டார் தங்கச்சி."

நடந்தது இதுதான். மடத்துக்குப் பக்கத்துக் கரையில் யாரோ ஒரு முதலாளி ஹோட்டல் கட்ட வந்திருந்தார். கண்டலை அழித்து மண் நிரப்பவேண்டும். வேலையை நடத்த வந்த சுப்பவைசர் நிதுர்ஷன் மரியாதையான பொடியன். இங்கே ஒரு மடம் இருக்கிறது, சண்டை வேண்டாம், தலைவரைக் கண்டு பேசுவோம் என்று வந்தான். தலைவரைக் காட்டினார்கள். அவன் ஹோட்டல் வரைபடத்தை எருமைக்கு முன்னால் விரித்தான். எருமை அதில் நீச்சல் தடாகம் இருந்த மூலையைக் கடித்துத் தின்றது. உட்கொண்டார் என்றால் ஏற்றுக்கொண்டார் என்று சிலர் சொன்னார்கள்; மறுத்தபடியால்தான் அழித்தார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதற்கு நெறியில் ஒன்றும் இல்லையென்று சுதாகரன் தலையில் கைவைத்தார். இவர்கள் பேசிக்கொண்டிருக்க, நிதுர்ஷன் போய் ஒரு மூட்டைப் புண்ணாக்கு வாங்கி வந்தான். அன்றிலிருந்து எருமை அவன் பின்னால் நடந்தது, எருமைக்குப் பின்னால் கூட்டம் நடந்தது. மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்து மரங்களைப் பெயர்த்தது. அதன் இரும்புக்கு வேர்களை மதிக்கத் தெரியவில்லை. எருமை நிழலில் நின்று புண்ணாக்குத் தின்றது. சாமிகள் சுற்றிலும் நின்று கண்ணீர் விட்டார்கள்.

"மத்தவன்ட தீனியத் திண்டு பழகினா மாடு கெட்டுப்போகும்," என்றார் முகைதீன்பாவா. "அதோட அந்தக் கரைய அடைச்சானெண்டா எண்ட பட்டி தண்ணிக்கு எறங்க வேற வழி இல்ல."

தனக்கும் மடத்துக்கும் இனி ஒன்றுமில்லை என்றாள் அன்னப்பூரணி.

"அதுதான் நல்லம். அவங்களுக்கு நெறி இரிக்கி, அசைய ஏலா. ஒங்களத்தான் தொரத்திட்டாங்களே. நீங்க என்னத்தையும் செய்யலாம்."

அன்னப்பூரணி அப்படி யோசித்துப் பார்த்திருக்கவில்லை. உள்ளே போய் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணகை மறிக்கவில்லை, செவ்வரத்தையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, போயிட்டு வா அக்கா என்றாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருந்தது. கரையில் கொஞ்ச இடம் வெறுமையாகக் கிடந்தது. அத்திவாரத்துக்கென்று பெக்கோ நீளமாக ஒரு பள்ளம் தோண்டி வைத்திருந்தது. அதற்கும் வாவிக்கும் நடுவே ஒரு சிறு மண்வரம்புதான். நிதுர்ஷனும் பெக்கோக்காரரும் வேலையாட்களும் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். சாமிகள் எருமையைச் சுற்றி நின்றார்கள். அன்னப்பூரணியைக் கண்டு பலர் தலை குனிந்துகொண்டார்கள்.

அவள் பெயர்ந்து கிடந்த மரங்களைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள், மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற எருமையையும் பார்த்தாள்.

"நானா, இந்த வெயிலுக்கு இது எங்க போய்க் கிடக்கும்?" என்று முகைதீன்பாவாவிடம் கேட்டாள்.

"சேறு எங்கயோ அங்க."

வேலையாட்கள் வைத்துவிட்டுப் போன மண்வெட்டிகள் இரண்டு கிடந்தன. அன்னப்பூரணி ஒன்றை எடுத்து வரம்பை வெட்டத் தொடங்கினாள். முகைதீன்பாவா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மற்றதை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் வாவித் தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்கியது. தோண்டிய மண் கரைந்து, கூழ் போலச் சேறாயிற்று. எருமை தலையைத் தூக்கி மோந்தது. புண்ணாக்குச் சாக்கை விட்டு விலகி, நேராக நடந்து வந்து, பள்ளத்துக்குள் இறங்கிக் கழுத்தளவு அமிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

சாமிகள் சுதாகரனைப் பார்த்தார்கள். மூத்தவர் போகுமிடமெல்லாம் கூட்டம் போகவேண்டும். அதில் மட்டும் சந்தேகமே இல்லை. சுதாகரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு முதலாவதாக இறங்கினார். பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள். ஹோட்டலின் அத்திவாரத்துக்குள் ஓர் எருமைத் தலையும் இருபது மனிதத் தலைகளும் தெரிந்தன.

பெக்கோக்காரர் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் பெக்கோவின் சாவியைக் கழற்றிக்கொண்டார். இதற்குத் தனக்குச் சம்பளம் இல்லையென்று நிதுர்ஷனிடம் சொன்னார். நிதுர்ஷன் புண்ணாக்கைக் கையில் அள்ளிப் பள்ளத்தின் விளிம்பில் குந்தியிருந்து, மூத்தவரே மூத்தவரே என்று கூப்பிட்டான். எருமை ஒரு காதை மட்டும் ஆட்டியது. வெயில் இறங்கும்வரை அது எதற்கும் எழும்பாது என்று முகைதீன்பாவா அவனுக்கு அன்பாக எடுத்துச் சொன்னார்.

அதற்குள் தெருவால் போனவர்கள் கூடிப் படம் எடுத்துத் தொலைபேசிகளில் அனுப்பிவிட்டார்கள். பிற்பகலில் அதிகாரிகள் வாகனத்தில் வந்து இறங்கினார்கள். கண்டலை வெட்ட அனுமதி எங்கே என்று கேட்டார்கள். முதலாளி அதைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை என்பது தெரியவந்தது. வேலை நின்றது. அதிகாரிகளோடு பேசி முடித்தது அன்னப்பூரணிதான். பள்ளத்துக்குள் இருந்தவர்கள் வெளியே வரக்கூடிய நிலையில் இல்லை.

அறுவடை முடிந்து முகைதீன்பாவாவின் பட்டி வெட்டிய வயல்களை நோக்கி மேய்ச்சலுக்குப் போனபோது, எருமை தானாக எழுந்து பட்டியோடு சேர்ந்து நடந்தது. கூட்டம் மெயின் ரோடுவரை பின்னால் போனது. ரோட்டைக் கடந்ததும் எருமை திரும்பிப் பார்க்கவில்லை. சுதாகரன் அதைப் பதவி துறப்பு என்று முடிவு செய்தார். எல்லோருக்கும் பெரிய ஆறுதல்.

அவர் அன்னப்பூரணியிடம் வந்து, பலகையைத் திரும்பப் போடப் போகிறோம், எவ்வுயிரும் அமரலாம், துரத்தப்பட்டவர் அமரக் கூடாதென்று நெறியில் இல்லை என்றார். கேட்டபோது அவளுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது உண்மை. இவ்வளவு காலமும் அதைத்தான் விரும்பினாள்.

"நீங்களே இருங்க சேர்," என்றாள். "நான் வெளியில இருந்தா மண்வெட்டி தூக்கலாம், ஏசலாம், கந்தோருக்குப் போய்ச் சண்டை பிடிக்கலாம். உள்ள வந்தா கைகூப்பிக்கொண்டு நிக்க வேணும்."

சுதாகரன் அமர்ந்தார். அன்னப்பூரணி மடத்து வேலிக்கு வெளியே தான் தங்க ஒரு சின்னக் கொட்டில் போட்டுக்கொண்டாள். சாப்பாடு மட்டும் முன்னைப்போல அவள் சமைப்பதுதான்.

மாரி தொடங்கிய முதல் வாரம், நீர் நிறைந்து கிடந்த அத்திவாரப் பள்ளத்தின் ஓரங்களில், எருமை மிச்சம் விட்ட கண்டல் கன்றுகளை அவள் நட்டாள். முகைதீன்பாவா கம்பு நட்டு, தன் மாடுகள் புகாமல் வேலி அடைத்துக் கொடுத்தார். மழை இருவரையும் நனைத்தது. கன்றுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இல்லையா என்று அவர் கேட்டார். கொஞ்சம் நெருக்கம்தான் என்று ஒப்புக்கொண்டு, அன்னப்பூரணி கடைசி வரிசையைப் பிடுங்கித் திரும்ப நடத் தொடங்கினாள்.